டாக்டரிடம் கேளுங்கள்: நிமோனியாவும் எதிர்ப்பொருளின் நாள் கணக்கும்

மார்கழிப் பனி இறங்கியதும் சேலத்திலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் நிமோனியாவைப் பற்றிப் பல கடிதங்கள் வந்துவிட்டன. அவற்றில் ஏழுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

"மருமகளுக்கு நிமோனியா வந்து ஆஸ்பத்திரியில் ஆன்டிபயாடிக் ஊசி போட்டார்கள். ‘உடம்பே ஆன்டிபாடி தயார் பண்ணிக்கும், ஊசி எதுக்கு?’ என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். இரண்டும் ஒன்றா, வேறா?"
– வாசகி, அம்மாபேட்டை

வேறுதான் அம்மா. ஆன்டிபயாடிக் என்பது வெளியிலிருந்து கொடுக்கும் மருந்து. ஆன்டிபாடி, அதாவது பள்ளிப் புத்தகத்தில் வரும் எதிர்ப்பொருள், நம் உடம்பின் பி செல்கள் செய்யும் புரதம்.

உடம்பு அதைத் தயாரிக்கும் என்று அவர் சொன்னது உண்மை. எத்தனை நாளில் தயாரிக்கும் என்பதை விட்டுவிட்டார். பெரியவர்களுக்கு வரும் பாக்டீரியா நிமோனியாவில் முதல் இடம் நிமோகாக்கஸ் கிருமிக்கு. ஜவ்வரிசி பாதி வெந்திருக்கும்போது பாருங்கள்: நடுவில் வெள்ளைப் புள்ளி, சுற்றிலும் கண்ணாடி போன்ற கூழ். நிமோகாக்கஸின் உருவமும் கிட்டத்தட்ட அதுதான். சர்க்கரைச் சங்கிலிகளால் ஆன வழுவழுப்பான உறை ஒன்று அதைப் போர்த்தியிருக்கிறது. நம் வெள்ளணுக்கள் பிடிக்கப் போனால் வழுக்கிவிடும். எதிர்ப்பொருளின் இரண்டு கைகளும் போய் அந்த உறையில் ஒட்டிக்கொண்டால், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அதன் காம்பை வெள்ளணு பற்றிக்கொண்டு கிருமியை விழுங்கும். கிருமியைக் கொல்வது வெள்ளணு. அதற்குப் பிடி போட்டுக் கொடுப்பது எதிர்ப்பொருள்.

அந்தப் பிடி தயாராக நாள் ஆகும். முதல் முறை சந்திக்கும் கிருமி என்றால் ஐஜிஎம் என்ற முதல் வகை எதிர்ப்பொருள் தலைகாட்டவே 5 முதல் 7 நாள். ஐஜிஜி என்ற வலுவான வகை வர 10 முதல் 14 நாள். கிருமியோ வசதி கிடைத்தால் அரை மணிக்குள் இரட்டிப்பாகிவிடும். ஆன்டிபயாடிக் இல்லாத காலத்தில் நிமோனியாக் காய்ச்சல் விடாமல் எரிந்து, ஐந்தாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் நடுவே ஒரே இரவில் வியர்த்துக் கொட்டி இறங்கும். எதிர்ப்பொருள் ரத்தத்தில் போதுமான அளவு சேர்ந்த இரவு அது. அந்த இரவு வரை தாக்குப்பிடிக்காமல் போனவர்கள் ஏராளம். உங்கள் மருமகளுக்குப் போட்ட ஊசி அந்த நாட்களை வாங்கிக் கொடுக்கிறது. காய்ச்சல் இறங்கியதுமே மருந்தை நிறுத்திவிடாமல் டாக்டர் சொன்ன நாள் வரை கொடுங்கள்.

"அப்பாவுக்கு வயது 67. மூன்று நாளாகக் காய்ச்சல், இருமல், விலாவில் குத்தல். நாங்களே லேப்புக்குப் போய் ‘நிமோனியா ஐஜிஎம்’ பரிசோதனை செய்தோம், நெகட்டிவ். டைஃபாய்டுக்கான வைடால் பரிசோதனை மட்டும் 1:80 பாசிட்டிவ். அப்படியென்றால் டைஃபாய்டுதானே? சி.ஆர்.பி. என்கிறார்களே, அதுவும் எதிர்ப்பொருளா?"
– வாசகர், சூரமங்கலம்

இந்த ரிப்போர்ட்டை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. முதலில் செய்ய வேண்டியது வேறு. அப்பா சும்மா உட்கார்ந்திருக்கும்போது முழு ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். 30 அல்லது அதற்கு மேல் என்றாலோ, பேச்சு தடுமாறினாலோ, மேல் ரத்த அழுத்தம் 90க்குக் கீழே போனாலோ இன்றைக்கே ஆஸ்பத்திரி. மூன்றில் ஒன்று போதும். அவருடைய வயதே ஒரு ஆபத்துக் காரணம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இவை எதுவும் இல்லாவிட்டாலும் நெஞ்சு எக்ஸ்ரேயைத் தள்ளிப்போடாதீர்கள்.

இப்போது ரிப்போர்ட்டுக்கு வருவோம். நிமோனியா என்பது நுரையீரல் அழற்சிக்குப் பெயர். ஒரே கிருமியின் பெயர் அல்ல. லேப்புகளில் ஐஜிஎம் பார்ப்பது பெரும்பாலும் மைக்கோபிளாஸ்மா போன்ற ஒன்றிரண்டு கிருமிகளுக்குத்தான். நிமோகாக்கஸைக் கண்டுபிடிக்க எதிர்ப்பொருள் பரிசோதனையை அன்றாட சிகிச்சையில் பயன்படுத்துவதில்லை. மைக்கோபிளாஸ்மாவாகவே இருந்தாலும், நோய் தொடங்கி 7 முதல் 10 நாள் ஆகாமல் ஐஜிஎம் தெரியாது. மூன்றாம் நாள் ரத்தத்தில் அதைத் தேடுவது, நேற்று விதைத்த நிலத்தில் கதிர் தேடுவது மாதிரி. இன்னொரு சிக்கலும் உண்டு. வயதானவர்களுக்கு அது இரண்டாவது, மூன்றாவது தொற்றாக இருந்தால் ஐஜிஎம் எழாமலே ஐஜிஜி மட்டும் ஏறலாம். மறுபக்கம், ஒரு முறை வந்த ஐஜிஎம் பல மாதம் ரத்தத்தில் நிற்பதால், போன ஆடியில் வந்த தொற்று இந்த மார்கழியில் ‘பாசிட்டிவ்’ காட்டும்.

எதிர்ப்பொருளை நம்பி ஒரு முடிவுக்கு வர வேண்டுமென்றால் இரண்டு ரத்தம் வேண்டும்: நோயின் முதல் வாரத்தில் ஒன்று, இரண்டு மூன்று வாரம் கழித்து ஒன்று. இரண்டையும் ஒரே லேப்பில், ஒரே நேரத்தில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ரத்தத்தை எத்தனை மடங்கு நீர்த்த பிறகும் எதிர்ப்பொருள் தெரிகிறது என்பதைத்தான் 1:40, 1:80 போன்ற எண்கள் சொல்கின்றன. 1:40 என்பது 1:160 ஆனால், அதாவது நான்கு மடங்கு ஏறினால், அது இப்போதைய தொற்று. அதற்குள் அப்பாவின் சிகிச்சை முடிந்திருக்கும் என்பதால் ஆஸ்பத்திரியில் இதற்காகக் காத்திருக்க மாட்டார்கள். எக்ஸ்ரே, ஆன்டிபயாடிக் தொடங்கும் முன் எடுத்த பிளட் கல்ச்சர் (ரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்ப்பது), சளிப் பரிசோதனை ஆகியவற்றைப் பார்ப்பார்கள். சிறுநீரில் நிமோகாக்கஸின் துணுக்கைத் தேடும் ஆன்டிஜென் பரிசோதனையும் உண்டு. அது தேடுவது கிருமியையே என்பதால் முதல் நாட்களிலேயே தெரியும்.

வைடால் 1:80 என்ற ஒற்றை எண்ணுக்கு நம் ஊரில் மதிப்புக் குறைவு. முன்பு எப்போதோ வந்த டைஃபாய்டு, போட்ட தடுப்பூசி, உறவுக்காரக் கிருமிகள் எல்லாமே அந்த அளவுக்கு ஏற்றிவிடும். டைஃபாய்டு சந்தேகம் இருந்தால் முதல் வாரத்தில் பிளட் கல்ச்சர்தான் சரி. இதோடு ஒரு எச்சரிக்கை: இருமல் நீடித்தால் ‘டிபிக்கு ரத்தத்தில் ஆன்டிபாடி பார்க்கலாம்’ என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்தப் பரிசோதனைகள் தவறான முடிவு தருவதால் 2012இல் இந்திய அரசே தடை செய்துவிட்டது. டிபிக்குச் சளியைத்தான் பார்க்க வேண்டும்.

சி.ஆர்.பி. பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அது எதிர்ப்பொருள் அல்ல, ஈரல் அவசரத்தில் சுரக்கும் புரதம். மணிக்கணக்கில் ஏறும், நோய் தணிந்தால் சில நாளில் இறங்கும். அதன் பெயரில் உள்ள ‘சி’, நிமோகாக்கஸின் சுவரில் உள்ள ‘சி’ என்ற பொருளைக் குறிக்கிறது. 1930இல் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில்தான் அதை முதலில் கண்டார்கள்.

"ஏற்காட்டில் லேப் டெக்னீஷியனாக இருக்கிறேன். இரண்டு வாரமாக வறட்டு இருமல் உள்ள இளைஞர் ஒருவரின் ரத்த எண்ணிக்கையில் ஹீமோகுளோபின் 12.5, சிவப்பணு 18 லட்சம், எம்சிவி 118, எம்சிஎச்சி 59 என்று வருகிறது. மெஷினை இரண்டு முறை வாஷ் செய்தும் அதேதான். மெஷின் கோளாறா?"
– வாசகர், ஏற்காடு

மெஷினில் குறை இருக்காது. எம்சிஎச்சி என்பது சிவப்பணுவுக்குள் ஹீமோகுளோபின் எவ்வளவு அடர்த்தி என்ற எண். 59 என்ற அளவை எந்தச் சிவப்பணுவும் தாங்காது. 36, 37க்கு மேல் போனாலே சாம்பிளைச் சந்தேகப்பட வேண்டும். நீங்கள் பார்ப்பது அநேகமாகக் குளிர் எதிர்ப்பொருள்.

மைக்கோபிளாஸ்மா தொற்றில் உடம்பு செய்யும் ஐஜிஎம் எதிர்ப்பொருள்களில் சில, நம் சொந்தச் சிவப்பணுவின் மேலுள்ள சர்க்கரையையும் பிடித்துக்கொள்ளும். உடல் சூட்டில் பிடி தளர்ந்திருக்கும், குளிர்ந்தால் இறுகும். ஐஜிஎம்முக்குப் பத்துக் கைகள் இருப்பதால் பல அணுக்களைச் சேர்த்துக் கட்டிவிடும். நோயின் இரண்டாவது வாரத்தில் இது தெரியத் தொடங்கும். உங்கள் நோயாளியின் நாள் கணக்கும் பொருந்துகிறது. மார்கழிக் காலையில் உங்கள் மேசை மேல் கால் மணி நேரம் நின்ற டியூபில் அணுக்கள் கொத்துக் கொத்தாகத் திரண்டிருக்கும். மெஷின் ஒரு கொத்தை ஒரே பெரிய அணுவாக எண்ணுகிறது. மிகப் பெரிய கொத்தை எண்ணாமலே விட்டுவிடுகிறது. அதனால் எண்ணிக்கை விழுகிறது, ஒரு அணுவின் சராசரிப் பருமனான எம்சிவி ஏறுகிறது. ஹீமோகுளோபினை அணுக்களை உடைத்துக் கரைத்த பிறகு அளப்பதால் அது மட்டும் சரியாக வருகிறது. சரியான ஹீமோகுளோபினைத் தவறான ஹெமட்டோகிரிட்டால், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்கள் பிடிக்கும் பங்கால், வகுத்தால் 59தான் கிடைக்கும்.

கண்ணாலேயே பார்க்கலாம். ஊதா மூடி டியூபைப் பனிக்கட்டித் தண்ணீரில் ஒரு நிமிடம் நிறுத்தி, எடுத்து மெல்லச் சாய்த்துக் கண்ணாடிச் சுவரில் வழியும் ரத்தத்தைப் பாருங்கள். திரிந்த பால் மாதிரி திப்பி திப்பியாக இறங்கும். அதே டியூபை 37 டிகிரி தண்ணீரில் வைத்தால் திப்பி கரைந்து ரத்தம் மறுபடி வழவழப்பாக ஓடும். கரையாமல் நின்றால் அது உறைந்த கட்டி. வேறு சாம்பிள் எடுக்க வேண்டும்.

எண்ணிக்கையைச் சரிசெய்ய, டியூபை 37 டிகிரி வாட்டர் பாத்தில் 30 நிமிடம் வைத்து, எடுத்த கையோடு எட்டுப் பத்து முறை கவிழ்த்துக் கலந்து உடனே மெஷினில் கொடுங்கள். சிவப்பணு 42 லட்சம், எம்சிவி 88 என்கிற வாக்கில் வந்தால் எம்சிஎச்சி 34க்குப் பக்கத்தில் வந்துவிடும். அப்படியும் இறங்காவிட்டால் சுழற்றி, மேலே நிற்கும் பிளாஸ்மாவை அளந்து எடுத்துவிட்டு, அதே அளவு வெதுவெதுப்பான சலைனை ஊற்றிக் கலந்து ஓட்டலாம். அப்போது சிவப்பணு அளவுகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பிளேட்லெட் எண்ணிக்கையை முதல் ஓட்டத்திலிருந்து எடுங்கள். ஸ்மியரையும் சூடாக்கிய ஸ்லைடில் இழுங்கள்.

ரிப்போர்ட்டில் ‘சாம்பிள் சூடாக்கிய பின் அளந்தது, குளிரில் திரட்சி தெரிகிறது’ என்று ஒரு வரி கட்டாயம் எழுதுங்கள். அந்த ஒரு வரி டாக்டருக்குப் பெரிய உதவி. மைக்கோபிளாஸ்மாவுக்குச் செல்சுவரே கிடையாது என்பதால், சுவரை உடைக்கும் அமாக்ஸிசிலின் அதனிடம் பலிக்காது. அஸித்ரோமைசின், டாக்ஸிசைக்ளின் மாதிரி மருந்து வேண்டும். ஆனால் இதை வைத்தே மைக்கோபிளாஸ்மா என்று அடித்துச் சொல்ல முடியாது. சில வைரஸ் காய்ச்சல்களிலும் இது வரும். சிறுநீர் கருத்தாலோ கண் மஞ்சளித்தாலோ அணுக்கள் உடைகின்றன என்று அர்த்தம். அந்த இளைஞர் ஸ்வெட்டர், சாக்ஸ் போட்டுச் சூடாக இருக்க வேண்டும். இந்தக் குளிர் எதிர்ப்பொருள் பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே அடங்கிவிடும்.

மலையிலிருந்து கீழே சாம்பிள் அனுப்பும்போது நடக்கும் ஒரு தவறையும் சொல்லிவிடுகிறோம். குளிர் எதிர்ப்பொருளின் அளவைப் பார்க்கச் சொன்னால், ரத்தத்தை 37 டிகிரியிலேயே உறையவிட்டு, சீரத்தைப் பிரித்த பிறகுதான் குளிரில் வைக்க வேண்டும். முழு ரத்தத்தை ஐஸ் பெட்டியில் போட்டுக் கொண்டைஊசி வளைவுகளில் இறக்கினால், எதிர்ப்பொருள் முழுவதும் அணுக்களில் ஒட்டிக்கொள்ளும். சீரத்தில் ஒன்றும் இருக்காது, ரிப்போர்ட் ‘நெகட்டிவ்’. பிளட் கல்ச்சர் பாட்டிலையும் ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். நிமோகாக்கஸ் குளிரில் செத்துவிடும்.

"பையனுக்கு மூன்று வயது. ஒரே வருஷத்தில் மூன்று முறை நிமோனியா. ‘எதிர்ப்பு சக்தி கம்மி’ என்று டானிக் எழுதித் தருகிறார்கள். டானிக் போதுமா?"
– வாசகி, இளம்பிள்ளை

போதாது. ஒரே ஆண்டில் இரண்டு முறை நிமோனியா வந்தாலே காரணம் தேட வேண்டும். இதுவரை எடுத்த எக்ஸ்ரேக்களையெல்லாம் ஒரே உறையில் போட்டு, குழந்தை மருத்துவரிடம் வரிசையாக வைத்துக் காட்டுங்கள். அவர் முதலில் பார்ப்பது, மூன்று முறையும் ஒரே இடமா, வேறு வேறு இடமா என்பது.

ஒரே இடம் என்றால் மூச்சுக்குழாயில் ஏதோ அடைத்திருக்கலாம். இந்த வயதில் வேர்க்கடலை முக்கியச் சந்தேகம். எப்போதாவது கடலை தின்றுகொண்டே சிரித்துப் புரையேறியிருக்கிறானா என்று யோசித்துப் பாருங்கள். சில மாதத்துக்கு முன் நடந்ததாக இருந்தாலும் சொல்லுங்கள். கடலைத் துண்டு எக்ஸ்ரேயில் தெரியாது. மூச்சுக்குழாய்க்குள் கருவி விட்டுப் பார்க்கும் பிராங்கோஸ்கோப்பியில்தான் எடுக்க முடியும். நிணநீர்க் கட்டி வீங்கிக் குழாயை அழுத்தும் டிபியும் இதே மாதிரி காட்டும். முதல் நிமோனியா ஆறியதற்கு எக்ஸ்ரே சாட்சி இருக்கிறதா என்பதும் முக்கியம். நிழல் மறைய ஆறு வாரம் வரை ஆகலாம். அதற்குள் எடுத்த படத்தைப் பார்த்து ‘மறுபடி வந்துவிட்டது’ என்று எண்ணிவிடுவது உண்டு.

வேறு வேறு இடம் என்றால், அதிலும் காதில் சீழ், சைனஸ் என்று சேர்ந்து வந்தால், எதிர்ப்பொருளின் அளவைப் பார்க்க வேண்டும். ஐஜிஜி, ஐஜிஏ, ஐஜிஎம் மூன்றும் ஒரே குழாய் ரத்தத்தில் பார்த்துவிடலாம். முடிவை மூன்று வயதுக்குரிய அளவோடு ஒப்பிட வேண்டும். பெரியவர்களின் அளவை வைத்துப் பார்த்தால் நல்ல குழந்தையும் குறையுள்ளதாகத் தெரியும். தாயிடமிருந்து தொப்புள்கொடி வழியே வந்த ஐஜிஜி ஆறு மாதத்துக்குள் கரைந்துவிடும். அது வரை நன்றாக இருந்து, அதன் பிறகு அடுக்கடுக்காகத் தொற்று வரும் ஆண் குழந்தைக்கு டான்சிலே கண்ணில் படாவிட்டால், பி செல்களே இல்லாத பிறவிக் குறையை நினைக்க வேண்டும். மொத்த அளவு சரியாக இருந்தும் குறிப்பிட்ட கிருமிக்கு எதிர்ப்பொருள் செய்யத் தெரியாத குழந்தைகளும் உண்டு. அதைப் பிடிக்க, 23 வகை நிமோகாக்கஸ் தடுப்பூசி போடுவதற்கு முன் ஒரு ரத்தமும் நான்கு வாரம் கழித்து ஒரு ரத்தமும் எடுத்து, எவ்வளவு ஏறியது என்று பார்ப்பார்கள்.

குறை உறுதியானால் சிகிச்சை இருக்கிறது. பல பேரின் ரத்தத்திலிருந்து பிரித்த இம்யூனோகுளோபுலினை, கிலோவுக்கு 400 முதல் 600 மில்லிகிராம் கணக்கில் மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை சிரை வழியாக ஏற்றுவார்கள். டானிக்கில் இது எதுவும் கிடையாது அம்மா. தயவுசெய்து அடுத்த நிமோனியா வரும் வரை காத்திருக்காதீர்கள்.

"பேரனுக்குப் பத்து மாதம். அரசு ஆஸ்பத்திரியில் மூன்று நிமோனியா ஊசியும் போட்டாயிற்று. இருந்தும் நிமோனியா என்கிறார்கள். ஊசி வீணா? எனக்கும் சர்க்கரை இருக்கிறது, நான் போட்டுக்கொள்ளலாமா?"
– வாசகி, ஆத்தூர்

வீணில்லை. நிமோகாக்கஸின் உறையில் 100க்கு மேற்பட்ட வகைகள் உண்டு. ஒரு வகைக்கு வந்த எதிர்ப்பொருள் பொதுவாக மற்றொன்றைப் பிடிக்காது. தடுப்பூசியில் இருப்பது அதிகமாக நோய் தரும் வகைகள் மட்டும். புனேயில் தயாராகும் ஊசியில் 10. போதாததற்குக் குழந்தைகளின் நிமோனியாவில் பல வைரஸால் வருபவை. ஊசி தடுப்பது உயிரை எடுக்கும் மோசமான பங்கை.

இரண்டு வயதுக்குள் குழந்தையின் உடம்பு வெறும் சர்க்கரை உறையைக் கண்டு எதிர்ப்பொருள் செய்யாது. அதனால் அந்தச் சர்க்கரையை ஒரு புரதத்தோடு இணைத்துக் கொடுக்கிறார்கள். புரதத்தை அடையாளம் காணும் டி செல், பி செல்லைத் தட்டி எழுப்புகிறது. ஐஜிஜியும் நினைவும் வருகின்றன. 6ஆம் வாரம், 14ஆம் வாரம், 9ஆம் மாதம் என்ற வரிசையில் கடைசி ஊசி அந்த நினைவை உறுதியாக்குகிறது. தமிழகத்தில் இது 2021 முதல் இலவசம். யாராவது இடையில் விட்டிருந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டாம், விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

பேரனின் மூச்சை, அழாமல் இருக்கும்போது, முழு நிமிடம் எண்ணுங்கள். அவன் வயதுக்கு 50 அல்லது அதற்கு மேல் வேகமான மூச்சு. விலாவுக்குக் கீழே குழி விழுந்தால், பால் குடிக்க மறுத்தால் உடனே தூக்கிக்கொண்டு போங்கள்.

நீங்கள் தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம். புரதம் இணைத்த 20 வகை ஊசி என்றால் ஒன்றே போதும். 13 அல்லது 15 வகை என்றால், ஓராண்டு கழித்து 23 வகை ஊசி. வரிசையை மாற்ற வேண்டாம். 23 வகையை முதலில் போட்டால் பின்னால் போடும் ஊசிக்கு உடம்பு மந்தமாகப் பதில் தரும். சர்க்கரையைக் கட்டுக்குள் வையுங்கள். எதிர்ப்பொருள் எவ்வளவு இருந்தாலும் விழுங்க வேண்டிய வெள்ளணு சர்க்கரை மிகுந்த ரத்தத்தில் சோர்ந்துவிடும்.

"வெல்டிங் வேலை. ஒவ்வொரு குளிர்காலமும் நெஞ்சுச் சளி. எங்களுக்கும் நிமோனியாத் தடுப்பூசி உண்டா?"
– வாசகர், ஓமலூர்

உண்டு. உலோகப் புகை படும்போது மூச்சுக்குழாய்ச் செல்களில் நிமோகாக்கஸ் ஒட்டுவது எளிதாகிறது. பிரிட்டனில் வெல்டர்களுக்கு இந்தத் தடுப்பூசியை அரசே பரிந்துரைக்கிறது. புகையை இழுக்கும் ஃபேனும் சரியான மாஸ்க்கும் ஊசியைவிட முந்தியவை. கர்ச்சீஃப் புகையைத் தடுக்காது.

"மிளகு பறிக்க சில்வர் ஓக் மரத்தில் ஏறி விழுந்ததில் தம்பியின் மண்ணீரலை எடுத்துவிட்டார்கள். ‘அது இல்லாமலும் வாழலாம்’ என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஏதாவது கவனிக்க வேண்டுமா?"
– வாசகர், நாகலூர், ஏற்காடு

கட்டாயம் கவனிக்க வேண்டும். சர்க்கரை உறை போட்ட கிருமிகளுக்கு டி செல்லின் துணையில்லாமலே அவசரமாக எதிர்ப்பொருள் செய்யும் பி செல்கள் தங்குமிடம் மண்ணீரல். எதிர்ப்பொருள் ஒட்டிய கிருமியை ரத்தத்திலிருந்து சலித்து எடுப்பதும் அதுதான். அது இல்லாதவருக்கு நிமோகாக்கஸ் ரத்தத்தில் ஏறினால், காலையில் சாதாரணக் குளிர் காய்ச்சல் மாதிரி தொடங்கி ஒன்றிரண்டு நாளில் உயிருக்கே ஆபத்தாகிவிடும். இந்த ஆபத்து ஆயுள் முழுவதும் உண்டு.

நிமோகாக்கஸ், ஹிப், மெனிங்கோகாக்கஸ் என்ற மூன்று தடுப்பூசிகளும் வேண்டும். வருஷா வருஷம் ஃப்ளூ ஊசியும். அவசர ஆபரேஷனுக்குப் பிறகு 14 நாள் கழித்துப் போட்டால் எதிர்ப்பொருள் நன்றாக எழும். மலையிலிருந்து மறுபடி இறங்கி வருவது நிச்சயமில்லை என்றால் டிஸ்சார்ஜ் ஆகும் அன்றே போட்டுவிடுவது நல்லது. தம்பிக்குப் போட்டார்களா என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் பாருங்கள். இல்லையென்றால் இந்த வாரமே கீழே அழைத்துச் செல்லுங்கள்.

அடுத்தது மாத்திரை. காய்ச்சல் வந்ததும் போட வேண்டிய முதல் ஆன்டிபயாடிக் டோஸை டாக்டரிடம் எழுதி வாங்கி வீட்டில் வைத்திருங்கள். தினசரி பென்சிலின் தேவையா என்றும் அவரைக் கேளுங்கள். நடுங்கிக் காய்ச்சல் வந்தால் தெர்மாமீட்டரைத் தேடிக்கொண்டிருக்காமல் மாத்திரையைக் கொடுத்து, வண்டியைக் கூப்பிட்டு மலையிறங்குங்கள். மாத்திரை போட்டாயிற்றே, காலையில் பார்க்கலாம் என்று இருந்துவிடக் கூடாது. நாய் கடித்தாலும் அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும். வெறிநாய் ஊசியோடு முடியாது, நாயின் எச்சிலில் உள்ள ஒரு பாக்டீரியாவுக்காக ஆன்டிபயாடிக்கும் வேண்டும். ‘மண்ணீரல் இல்லை’ என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிய சீட்டு ஒன்றைத் தம்பியின் பர்ஸில், ஆதார் அட்டைக்குப் பக்கத்தில் வைத்துவிடுங்கள். 108 வண்டியில் வருபவர் முதலில் திறந்து பார்ப்பது அதைத்தான்.